மேடை கேட்டோம், மக்காச்சோளம் காய்ந்தது

எங்கள் மாவட்டத்தின் பெயரிலேயே கடல் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் பத்தாவது முடிக்கும்வரை கடலைப் பார்த்ததில்லை. திட்டக்குடிக்கு மேற்கே, மங்களூர் ஒன்றியத்தில், கடலூர் மாவட்டம் முடியப்போகிற இடத்தில் இருக்கிறோம். கடலூர் போக வேண்டுமென்றால் முதல் பஸ்ஸைப் பிடித்து, விருத்தாசலத்தில் மாறி, நெய்வேலி, வடலூர் எல்லாம் தாண்டி கலெக்டர் ஆபீஸ் வாசலில் இறங்கும்போது பாதி நாள் போயிருக்கும். எங்களுக்குப் பெரம்பலூர்தான் பக்கம், அது வேறு மாவட்டம். வானம் பார்த்த பூமி, மக்காச்சோளம், பருத்தி. இப்படி ஓர் இடத்தில் ‘கலை வளர்ச்சித் திட்டம்’ என்று ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எட்டு வருஷம் அலைந்திருக்கிறோம். அதில் முதல் மூன்று வருஷம் வீண். எப்படி வீணானது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் பக்கத்து ஊர்களிலிருந்து இப்போது யோசனை கேட்டு வருகிறவர்களும் அதே இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

நான் கிளைத் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கலைக்கும் எனக்கும் சம்பந்தம் என்று பார்த்தால், சின்ன வயதில் கூத்துப் பார்த்துவிட்டு விடியற்காலையில் சாக்கைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன், அவ்வளவுதான். 2016 ஆடியில் எங்கள் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு ஒரே ஒரு ராத்திரிதான் கூத்து வைத்தார்கள். எங்கள் அப்பா காலத்தில் பத்து ராத்திரி நடக்கும். அன்றைக்கு கர்ண மோட்சம். 71 வயது கூத்து வாத்தியார், கட்டை கட்டி, கிரீடம் வைத்துக் கர்ணனாக வந்தார். ராத்திரி ஒரு மணிக்கு எண்ணிப் பார்த்தேன்: 14 பேர் உட்கார்ந்திருந்தோம், அதில் நாலு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்கூட டிராக்டரில் வந்து இறங்கினார்கள்.

காலையில் டீக்கடையில் ஐந்து பேர் கூடினோம். நான், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பால் சொசைட்டி செயலாளர், டிராக்டர் ஓட்டுகிற தம்பி, சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த ஒரு பையன். ‘ஏதாவது செய்யணும்’ என்று எல்லாரும் சொன்னோம். நம் ஊரில் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் முதலில் கட்டடம்தான் ஞாபகத்துக்கு வரும். எங்களுக்கும் அதுதான் வந்தது. ‘ஒரு கலையரங்கம் இருந்தா போதும், எல்லாம் தானா வந்துரும்.’

அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் மூன்று வருஷம் போனது. திங்கள்கிழமை குறைதீர் நாளுக்கு ஆறு தடவை போய் மனுக் கொடுத்தோம். ஒவ்வொரு தடவையும் இரண்டு பேருக்கு ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு தனி. கிராம சபையில் தீர்மானம் போட்டோம். கடைசியில் வாத்தியார் சொல்லி மணவாளநல்லூர் போய் கொளஞ்சியப்பருக்குப் பிராதும் கட்டிவிட்டு வந்தோம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது தெரியும்: கோர்ட்டில் மனுப் போடுவது போல என் குறை இன்னது என்று எழுதிச் சாமியிடம் கட்டிவிட வேண்டியது, காரியம் முடிந்ததும் மறுபடி போய் வாபஸ் வாங்க வேண்டும். நாங்கள் எழுதியது ஒரே வரி, ‘எங்கள் ஊருக்கு மேடை வேண்டும்.’

2018இல் மேடை வந்தது. எந்த நிதியில் வந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நாலடி உயரம், மூன்று பக்கம் சுவர், மேலே கான்கிரீட், நெற்றியில் பெரிய எழுத்தில் பெயர். தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இப்படி ஒன்றைப் பார்க்கலாம். கட்டி முடித்த அன்று வாத்தியாரைக் கூட்டிப்போனோம். ஏறினார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடந்தார். ஒரு கிறிக்கி சுற்றப் பார்த்துப் பாதியில் நின்றுவிட்டார்.

“தம்பி, ஆறு எட்டு வெச்சா செவுரு வருதே” என்றார்.

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. தெருக்கூத்து தரையில் ஆடுகிற ஆட்டம். மூன்று பக்கமும் ஜனம், பின்னால் பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம், பின்பாட்டு. இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு வர, வேஷக்காரர் திரைக்குப் பின்னால் ஆடியபடி வருவார். கோமாளியாக வருகிற கட்டியங்காரன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஊர்த் தலைவரையே வம்புக்கு இழுப்பான். நாலடி உயரத்தில் ஏற்றி, மூன்று பக்கமும் அடைத்து, ஒரே பக்கம் திறந்து வைத்தால் கட்டியங்காரன் யாரை வம்புக்கு இழுப்பது? நாங்கள் சினிமாவில் வருகிற மேடையை மனதில் வைத்துக்கொண்டு கூத்துக்கு இடம் கேட்டிருக்கிறோம். ஆடுகிறவர்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அஞ்சு பேரில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

அடுத்த மாசியில் மேடை முழுக்க மக்காச்சோளம் காய்ந்தது. கோபப்படக்கூட முடியவில்லை, காயப்போட அதைவிட நல்ல களம் ஊரில் இல்லை.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். கட்டடம் கேட்பதற்கு முன்னால், ஆடுகிறவரைத் தரையில் நிற்க வைத்து, அவர் ஆடுகிற அளவுக்குக் கோலமாவால் கோடு போடுங்கள். ஜனம் எங்கே உட்காரும், வேஷம் எங்கே கட்டுவார்கள், பெண்கள் எங்கே போவார்கள், எல்லாவற்றுக்கும் கோடு. எங்கள் கோட்டுக்குப் பிற்பாடு தேவைப்பட்டது ஐந்து டிராக்டர் மண், இரண்டு விளக்குக் கம்பம், ஒரு தண்ணீர்த் தொட்டி. அவ்வளவுதான். 2022 அக்டோபர் 2 கிராம சபையில் கேட்டு வாங்கியது.

சரி, மேடை கதை போதும். அதற்கு அப்புறம் சென்னையிலிருந்து வந்த பையன் ஒரு திட்டம் எழுதினான், 42 பக்கம். தொலைநோக்கு, இலக்கு, ஐந்தாண்டுக் கால அட்டவணை, கலைவிழா, அருங்காட்சியகம், எல்லாம் இருந்தது. படித்துவிட்டு ஆசிரியர் ஒரே கேள்வி கேட்டார், “இதுல எத்தினி கலைஞர் இருக்காங்கன்னு எங்க எழுதியிருக்க?” எழுதவில்லை. எங்களில் யாருக்கும் தெரியாது. அப்போதுதான் கணக்கெடுக்கலாம் என்று கிளம்பினோம். உருப்படியாக நாங்கள் செய்த முதல் வேலை அதுதான். அதற்கு என் தபால் வேலை உதவியது. முதியோர் பணம் கொடுக்க, சேமிப்புப் புத்தகத்தில் பதிய என்று பதினொரு ஊருக்கும் எப்படியும் போய்வருகிறவன், கையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரம் தப்பாகக் கேட்டேன். “உங்க வீட்டில் கலைஞர் யாராவது இருக்காங்களா?” இல்லை, இல்லை, இல்லை. ஒரு பாட்டி, “அவரு செத்துப்போயிட்டாரேப்பா” என்று முதலமைச்சராக இருந்தவரை நினைத்துக்கொண்டு சொன்னார். அப்புறம் கேள்வியை மாற்றினேன். உங்கள் ஊரில் காப்புக் கட்டினால் பம்பைக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்? சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு முதலில் யார் வருவார்? நடவில் பாட்டு எடுத்துக் கொடுப்பது யார்? ஐயனாருக்குக் குதிரை யாரிடம் சொல்லி வைப்பீர்கள்? கூத்தில் பெண் வேஷம் கட்டியவர் யாரும் உண்டா? இப்படிக் கேட்டதும் நோட்டு நிறைந்தது. ‘கலைஞர்’ என்ற சொல்லைத் தங்களுக்குரியதாக யாரும் நினைக்கவில்லை. அவரவர் செய்கிற காரியத்தின் பெயரில்தான் அவரவர் இருந்தார்கள்.

பெண்கள் பெயர் வந்தது அந்தக் கேள்விகளால்தான். ஒப்பாரி சொல்லும் அம்மா ஒருவர், வேலை செய்துகொண்டே சளைக்காமல் ஒரு மணி நேரம் சொல்லக்கூடியவர். பெயரை எழுதட்டுமா என்றதற்கு, “இதப்போய் எழுதுவாங்களா? எழுதினா எனக்கு எழவு வூட்டுக்காரின்னு பேரு வராது?” என்று கேட்டார். எழுதி, பக்கத்தில் ‘கேட்டுவிட்டுத்தான் கூப்பிட வேண்டும்’ என்று குறித்தேன். அந்தக் குறிப்பு பின்னால் ரொம்ப உதவியது.

பறை அடிக்கும் பெரியவர் ஒருவர் பெயரை எழுதவே விடவில்லை. “எழுதாத. நோட்டுல பேரு இருந்தா நாளைக்கு சாவுக்கு வான்னு கூப்பிட அது ஒரு அத்தாட்சி ஆயிடும். எங்கப்பன் போனான், நான் போனேன், எம்புள்ள போவமாட்டான்.” நாங்கள் அழியாமல் காப்பாற்றப் போகிறோம் என்று கிளம்பியதிலிருந்து அவர் தன் பிள்ளையைக் காப்பாற்ற நினைத்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஒரு வருஷம் கழித்து அவருடைய மகனே வந்தான். அடிக்கக் கற்றுக்கொள்ள ஆசை, ஆனால் நாலு நிபந்தனை: சாவுக்கு வர மாட்டோம், பணம் முன்னாலேயே பேச வேண்டும், உட்கார நாற்காலி, எல்லாரோடும் ஒரே பந்தியில் சாப்பாடு. அதை அப்படியே ஒரு தாளில் எழுதி எல்லாக் குழுவுக்கும் பொதுவாக்கிவிட்டோம். 42 பக்கத் திட்டத்தில் ஒரு பக்கம்கூட இன்று உபயோகத்தில் இல்லை, அவனுடைய நாலு வரி இருக்கிறது. கூத்துக்காரர்களுக்கும் அதனால்தான் முதல் தடவையாக நாற்காலி கிடைத்தது.

மொத்தம் 61 பேர். பட்டியலை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோது ஆசிரியர் ஒரு வழி சொன்னார். மாவட்டக் கலை மன்றம் வருஷா வருஷம் கொடுக்கிற விருதுகள் வயதுப்படி ஐந்து: 18 வயதுக்குள் கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச்சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, 66க்கு மேல் கலை முதுமணி. அதே ஐந்து கட்டத்தைப் போட்டு 61 பேரையும் பிரித்தோம். முதுமணி வயதில் 19, நன்மணி வயதில் 24, சுடர்மணி வயதில் 13, வளர்மணி வயதில் 4, இளமணி வயதில் ஒன்று. அந்த ஒன்று வாத்தியாருடைய பேத்தி.

அந்தத் தாளைப் பால் சொசைட்டி சுவரில் ஒட்டினோம். பேசிப் புரியவைக்க முடியாததைப் பாலூற்ற வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டே புரிந்துகொண்டார்கள். எங்கள் திட்டம் என்றால் இன்றைக்கும் அந்தத் தாள்தான். வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணை மாற்றி எழுதுகிறோம். கீழே இரண்டு கட்டத்தில் எண் கூடியதா, மேலே குறைவதற்குள் கூடியதா, அதை மட்டும்தான் பார்க்கிறோம். விழா எத்தனை நடத்தினோம் என்று எண்ணுவதை விட்டுவிட்டோம்.

அடுத்தது நேரம். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு, அப்போது பயிற்சி வைக்கலாம் என்று முதல் வருஷம் வைத்தோம். வாத்தியார் வரவில்லை. எப்படி வருவார், பங்குனியில் ஆரம்பித்து ஆடிவரை கூத்துக்காரர்களுக்கு அதுதான் சம்பாத்தியக் காலம், ராத்திரி முழுக்க ஆடிவிட்டுப் பகலில் தூங்குகிறவரைப் பகல் 11 மணிக்குச் சொல்லிக்கொடு என்றால்? தையில் வைத்தோம். அறுவடை, பெற்றவர்கள் பிள்ளைகளை விடவில்லை. கடைசியில் கம்பெனிக் காலண்டர் ஒன்றைத் திருப்பிப் பின்பக்கத்தில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, ஒவ்வொரு மாதத்திலும் யார் எங்கே இருப்பார் என்று குறித்தோம். விதைப்பு, களை, அறுப்பு, நூறு நாள் வேலை, பரீட்சை, திருப்பூரிலிருந்து பையன்கள் ஊருக்கு வருகிற தீபாவளியும் பொங்கலும், கரும்பு வெட்டப் போகிற குடும்பங்கள். எல்லாவற்றையும் குறித்த பிறகு வெறுமையாக நின்றது புரட்டாசிக் கடைசியிலிருந்து மார்கழி நடுவரை, சாயங்காலம் மட்டும். மழைக்காலம். கூத்தும் இல்லை, வெளியூர்ப் பயணமும் இல்லை. ‘மழைக்காலத்தில் எவனாவது பயிற்சி வைப்பானா’ என்று வெளியிலிருந்து உதவ வந்தவர்கள் கேட்டார்கள். நாங்கள் அப்போதுதான் வைக்கிறோம். மழைக்கு அந்த மேடையும் அதன் கூரையும் உதவுகிறது, உதவாமல் போகவில்லை.

அதிலும் மணி 5இலிருந்து 6.40 வரைதான். ஏன் 6.40 என்றால், 7 மணிக்குக் கடைசி டவுன் பஸ். மூன்று ஊர்ப் பிள்ளைகள் அதில்தான் திரும்ப வேண்டும். முதல் வருஷம் ஆர்வத்தில் 7.30 வரை இழுத்தோம், நாலாவது நாள் ஏழு பிள்ளைகள் குறைந்தார்கள். கலை வளர்ச்சிக்குத் திட்டம் போடுகிறவர் முதலில் பஸ் டைம் பார்க்க வேண்டும், நான் கிண்டலாகச் சொல்லவில்லை. டெப்போவில் கேட்டு அந்த பஸ்ஸை அரை மணி தள்ளிப்போட முடியுமா என்று பார்த்தோம், முடியவில்லை, விட்டுவிட்டோம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் எங்கள் ஐந்து பேரின் லட்சணம் நன்றாகத் தெரிந்தது. முதல் வருஷம் பத்துப் பெண் பிள்ளைகள் சேர்ந்தார்கள், இரண்டாவது வாரம் இரண்டு. பெற்றோர் மனசு மாறவில்லை, ஊரில் கட்டுப்பாடு எதுவும் இல்லை. நாங்கள் கூடிக் கூடிப் பேசி ‘விழிப்புணர்வு இல்லை’ என்று முடிவுக்கு வந்தோம். வாத்தியாருடைய மனைவிதான், “கக்கூசு எங்க இருக்கு, சொல்லுங்க” என்று கேட்டார். பள்ளிக்கூடம் 4.30க்குப் பூட்டிவிடுவார்கள். மேடைக்குப் பக்கத்தில் புதர்தான். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசி, அவர் வீட்டுக் கழிவறையைப் பயன்படுத்திக்கொள்ள மாதம் 300 ரூபாய் கொடுப்பது என்று ஏற்பாடு. எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள். மேடை கேட்டு எழுதிய ஆறு மனுவில் ஒன்றில்கூடக் கழிவறை என்ற சொல் இல்லை.

பணத்தைப் பற்றி. முதலில் மானியத்தைத்தான் நம்பினோம். தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது, மாநிலக் கலை பண்பாட்டுத் துறை இருக்கிறது, சென்னையில் இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது. வழிகள் இல்லாமல் இல்லை. ஆனால் நிறைய இடங்களில் பதிவு செய்த அமைப்பா, எத்தனை வருஷக் கணக்குக் காட்ட முடியும் என்றுதான் முதல் கேள்வி. 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம், பதிந்தோம். பதிந்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்து ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய மறந்தோம், அபராதம் கட்டினோம். சங்கம் ஆரம்பிக்கிறவர்கள் கலை தெரிந்த ஆறு பேரோடு கணக்கு எழுதத் தெரிந்த ஒருவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எங்களைத் தூக்கி நிறுத்தியது மானியம் இல்லை, தலைக்கட்டு வரி. திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று ஊரில் வரி போடுவது பழைய வழக்கம்தான். அந்தப் பணத்தில் பெரும்பகுதி பந்தல், சீரியல் லைட், ஆர்கெஸ்ட்ராவுக்குப் போய்விடும். ஆர்கெஸ்ட்ராவை நிறுத்துங்கள் என்று போயிருந்தால் அடிதான் விழுந்திருக்கும் (டிராக்டர் தம்பியே அதன் ரசிகன்). தலைக்கட்டுக்கு 20 ரூபாய் மட்டும் கூட்டி, அதைக் ‘கூத்துக் கணக்கு’ என்று தனியாக வையுங்கள் என்று கேட்டோம். முதலில் எங்கள் ஊர், இப்போது நாலு ஊர். பெரிய தொகை இல்லை. ஆனால் வருஷா வருஷம் வருகிறது, யாரிடமும் போய் நிற்க வேண்டாம், வரி கொடுத்தவன் ‘என் காசுலதான் ஆடுறாங்க’ என்று வந்து உட்காருகிறான். பார்வையாளர் கூடியதற்கு அந்த 20 ரூபாய்தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது, மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதையும் சொல்கிறேன், வெளியில் இருப்பவர்கள் இதைக் குறைவாகவே நினைக்கிறார்கள். வாத்தியாருக்கு மாதச் சம்பளம், சின்னத் தொகை, ஆனால் தேதி தவறாது. மிருதங்கத்துக்குத் தோல் மாற்ற. பஸ் பிடிக்கிற பிள்ளைகளுக்குச் சுண்டல். புஜக்கட்டை, மார்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டுவது, லேசான மரம், பூச்சிக்கும் கரையானுக்கும் ரொம்பப் பிடிக்கும். வாத்தியார் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்ததில் பாதி 2019இல் கரையான் அரித்துப் போயிருந்தது. இப்போது மேடையின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன அறையில் பலகை அடித்து, தரையிலிருந்து இரண்டடி தூக்கி வைத்திருக்கிறோம்.

2020 வந்தது. திருவிழா எதுவும் கிடையாது. பங்குனி முதல் ஆடிவரை மொத்தமும் போச்சு, 2021இலும் அதே கதை. நலவாரியத்தில் இருந்த நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு அரசு நிவாரணத் தொகை கொடுத்தது. எங்கள் நோட்டில் இருந்த 61 பேரில் வாரிய அட்டை வைத்திருந்தவர்கள் ஒன்பது பேர். 2007இலிருந்து இருக்கிற வாரியம். யாரும் சேரவில்லை, நாங்களும் சேர்த்துவிடவில்லை. மூன்று வருஷம் மேடைக்கு அலைந்த அலைச்சலை அட்டைக்கு அலைந்திருந்தால் அந்த இரண்டு கோடையில் ஐம்பது வீட்டில் கொஞ்சம் அரிசியாவது வாங்கியிருப்பார்கள். பம்பைக்காரர் ஒருவர் அந்தச் சமயத்தில் பம்பையை விற்றுவிட்டார். இதை எழுதும்போதும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

அதற்கப்புறம் முதலில் காகிதம், பிறகுதான் கலை என்று ஆகிவிட்டது. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் புத்தகம், போட்டோ, நிகழ்ச்சி நடத்தியதற்கு அத்தாட்சி, எல்லாவற்றையும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தோம். பிரச்சினை வந்தது அத்தாட்சியில்தான். இருபது வருஷம் ஆடியவரிடம் ஒரு நோட்டீஸ்கூட இருக்காது, தாம்பூலம் மாற்றிப் பேசி முடிக்கிற தொழிலில் ரசீது எங்கே இருக்கும்? இப்போது ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதி போட்ட நோட்டீஸ் அடித்து, ஆடுகிறவர்கள் பெயர் எல்லாவற்றையும் அதில் போட்டு, பேனர் பின்னால் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக் கவரில் வைத்துவிடுகிறோம். நோட்டீஸில் பெயர் வருவது அவர்களுக்குப் பெருமை, எங்களுக்கு ஆவணம். முதுமையில் மாத நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும்போதும் இதுதான் கைகொடுக்கிறது.

ராத்திரிக் கூத்தில் இன்னொரு சிக்கல். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா மாதிரிக் காரியங்களுக்கு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல், அதுவும் 12 மணிவரை, அரசு தளர்வு கொடுக்கலாம். ஒருநாள் ராத்திரி போலீஸ் வந்து ஆம்ப்ளிபயரை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போது எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்குள் முடிக்கிற மாதிரி சுருக்கலாமா என்று வாத்தியாரிடம் கேட்டோம். அவருக்குக் கோபம்.

“கர்ணன் பன்னெண்டுக்கே செத்துட்டா, அப்புறம் விடியிற வரைக்கும் என்ன பண்ணுவ?”

நியாயமான கேள்விதான். விடிகிற நேரத்தில்தான் கர்ணன் சாக வேண்டும், அவன் மனைவி பொன்னுருவி புலம்பும்போது கிழக்கு வெளுக்க வேண்டும், அது நேரத்தோடு சேர்ந்த ஆட்டம். ஆறு மாதம் இழுத்துப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். பன்னிரண்டுவரை மைக் வைத்து ஆடுவது, அதற்கப்புறம் மைக்கை நிறுத்திவிட்டு, இருக்கிற நூறு பேர் நெருங்கி வந்து உட்கார, வெறும் குரலில் விடியும்வரை. அவர் சிறுவயதில் அப்படித்தான் ஆடினார்களாம். முதல் தடவை அப்படி நடந்த ராத்திரியில் கூட்டம் குறையவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், குறைந்தது. ஆனால் இருந்தவர்கள் யாரும் தூங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் கல்யாணத்துக்கும் போக இரண்டு மணி நேரக் கூத்து ஒன்றையும் தனியாகத் தயார் செய்தோம். அதை வாத்தியார் கடைசிவரை கூத்து என்று சொல்லவில்லை, ‘சாம்பிள்’ என்றுதான் சொல்வார்.

வெளியிலிருந்து உதவ வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரி எங்களிடமிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அங்கே அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம், பக்கத்தில் ஆரோவில், ஆதிசக்தி நாடகக் குழு என்று பேர் சொல்ல நாலு இடம் உண்டு, ஆர்வமுள்ள ஆட்களும் உண்டு. சிலர் வந்தார்கள், நல்ல மனசோடு வந்தார்கள். மூன்று நாள் முகாம் நடத்திவிட்டுப் போவார்கள், பிள்ளைகள் ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள், அப்புறம் ஒன்றுமிருக்காது. இப்போது யாராவது மூன்று நாள் தருகிறேன் என்றால், மாதம் ஒரு நாளாக மூன்று மாதம் வாருங்கள் என்று கேட்கிறோம். பாதிப் பேர் வர மாட்டார்கள். வருகிற பாதி போதும். வீடியோ எடுக்கிறவர்களிடம் ஒரு பிரதி எங்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று சொல்லிவிடுகிறோம்; ‘அனுப்புகிறேன்’ என்று போனதில் இதுவரை எதுவும் வரவில்லை.

2023 கார்த்திகையில் ஒரு வேன் பிடித்து 17 பிள்ளைகளைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனோம். கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி இருக்கிறது, 1922இல் புதுச்சேரியில்தான் காலமானார். நாடகக்காரர்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிற இடம். பிள்ளைகளிடம் அவரைப் பற்றி ஆசிரியர் உருக்கமாக ஒரு கால் மணி நேரம் பேசினார். பிள்ளைகள், “சார், கடலுக்கு எப்ப போவோம்?” என்று கேட்டார்கள். போனோம். வாத்தியார் பேத்தி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, “தாத்தா பாட்டுல சமுத்திரம் சமுத்திரம்னு வருதே, இதானா?” என்றாள். அந்தப் பயணத்துக்குச் செலவு செய்ததில் எனக்கு ஒரு ரூபாய்கூட வருத்தமில்லை, சங்கக் கணக்கில் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

தோற்றதைச் சொல்லாமல் விடக்கூடாது. மூன்று நாள் கலைவிழா ஒரு தடவை நடத்திக் கடனாளியானோம். அருங்காட்சியகத்துக்கு என்று சேகரித்த பழைய உரலும் மரக்காலும் பால் சொசைட்டிப் பின்பக்கம் கிடக்கின்றன. ஐயனார் குதிரை செய்கிற குயவர் குடும்பத்தில் அடுத்த தலைமுறையை உட்கார வைக்க முடியவில்லை. மண் எடுக்க ஏரிக்குள் போக அனுமதி வாங்குவதிலேயே அவர்களுக்கு வெறுத்துவிட்டது, பையன் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் தினக்கூலிக்குப் போகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

வாத்தியார் 2024 தையில் போய்விட்டார். அதற்கு முந்தைய இரண்டு மழைக்காலத்தில் அவருடைய கூத்து நோட்டுகளைப் பேத்தி உட்கார்ந்து பிரதி எடுத்தாள். நோட்டில் பாதிதான் இருக்கும், மீதி அவர் வாயில் இருக்கும், அதைச் செல்போனில் பிடித்தோம். முதல் தடவை பிடித்த 11 மணி நேரம் போன் தண்ணீரில் விழுந்ததோடு போச்சு. இரண்டாவது தடவை மூன்று இடத்தில் பிரதி வைத்தோம், ஒன்று பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர், ஒன்று என் மகள் வீடு, ஒன்று பென்டிரைவில் போட்டு என் தபால் ஆபீஸ் இரும்புப் பெட்டியில் (மேலதிகாரிகள் யாரும் படித்துவிடக் கூடாது).

அவர் உயிரோடு இருக்கும்போது வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பேன், “வாத்தியாரே, மேடைதான் வந்துருச்சே, கொளஞ்சியப்பருகிட்ட போயி பிராத வாபஸ் வாங்கிடலாமா? சாமி குத்தம் ஆயிடப் போவுது.” “கேட்டது இதில்ல, தம்பி. இரு” என்பார்.

2024 ஆடியில் தீமிதிக்கு முந்தின ராத்திரி, மண் கொட்டிய களத்தில் கர்ண மோட்சம். கர்ணனாக வளர்மணி வயதுப் பையன் ஒருவன், பொன்னுருவியாகப் பேத்தி. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை வேஷம் கட்டி இதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு மணிக்கு மைக்கை நிறுத்தினோம். அடுத்த வாரம் நானும் வாத்தியாருடைய மனைவியும் மணவாளநல்லூர் போனோம். பிராது எழுதிய வருஷம், ஊர், காரியம் எல்லாம் கேட்டார்கள். “மேடை வேணும்னு எழுதியிருக்கு. வந்துருச்சா?”

நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எடுத்து வைத்து, “வந்துருச்சுன்னே எழுதிக்கப்பா” என்றார்.